ஜெனரேட்டரை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

(காட்சி: பாலத்தில் இருந்து கெடிலம் ஆறு)

கடலூரில் ஆஸ்பத்திரி கட்டப் போகிறவர் முதலில் என்ன கேட்பார்? எத்தனை படுக்கை, எத்தனை மாடி, ஸ்கேன் எந்தப் பக்கம். சரி, அதெல்லாம் அப்புறம். 2015 வெள்ளத்தில் அந்த மனையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள், கறைக் கோடு இன்னும் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டால் தெருவில் யாரைக் கேட்டாலும் முழங்கால், இடுப்பு என்று தொட்டே காட்டுவார்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு எல்லாம் கடலைத் தேடி வருகிற ஊர் இது. பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதை அந்தக் கோடுதான் சொல்ல வேண்டும்.

(காட்சி: கட்டட பிளான், கீழ்த்தளத்தில் சிவப்பு வட்டம்)

இப்போது ஜெனரேட்டர். சத்தம், புகை, எடை என்று காரணம் சொல்லி அதைக் கீழே பார்க்கிங் மூலையில் தள்ளிவிடுவார்கள். மாடிக்கு ஏற்றிவிட்டால் போதுமா? 2012 சாண்டி புயலில் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில் பத்திரமாகத்தான் இருந்தன. டீசலை மேலே ஏற்றுகிற பம்ப் கீழ்த்தளத்தில் மூழ்கிவிட்டது. படிக்கட்டு வழியாக ஆள் வைத்து டீசல் தூக்கினார்கள், கடைசியில் ஆஸ்பத்திரியையே காலி செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே பம்ப், பேனல் போர்டு, ஆக்சிஜன் டேங்க் எல்லாமே அந்தக் கோட்டுக்கு மேலே.

(காட்சி: ரேம்ப்பில் ஸ்ட்ரெச்சர்)

லிஃப்ட் நின்றுவிட்டால்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கரண்டுக்காக எத்தனை நாள் காத்திருந்தோம் என்று இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ரேம்ப் வேண்டும். சக்கர நாற்காலிக்கு ஓர் அடி உயர 12 அடி நீளம் என்பது கணக்கு. 12 அடி உயர மாடிக்கு 144 அடி, நின்று திரும்புகிற மேடைகள் தனி. "இவ்வளவு இடம் வீணாகிறதே" என்பார் முதலாளி. விட்டுக்கொடுக்காதீர்கள்.

(காட்சி: இரவு, வராந்தா)

வராந்தா 8 அடி அகலம், எதிரெதிரே இரண்டு ஸ்ட்ரெச்சர் போவதற்காக. ராத்திரி பத்து மணிக்கு வந்து பார்த்தால் பாய், ஃபிளாஸ்க், தூக்கு வாளியோடு சொந்தக்காரர்கள் படுத்திருப்பார்கள், மிச்சம் 4 அடி. அம்மாவுக்குத் துணையாக நானும் அப்படிப் படுத்தவன்தான், ஸ்ட்ரெச்சர் சத்தம் கேட்டாலே தூக்கத்தில் கால் தானாக மடங்கும். நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை என்பது பிளான் போடுகிறவர்களுக்கு மட்டும் எப்படியோ மறந்துபோகிறது. வார்டை ஒட்டி ஒரு கூடம், கழிப்பறை, வெந்நீர்க் குழாய், போன் சார்ஜ் போட நாலு பிளக் பாயின்ட். அந்தப் பிளக் பாயின்டையும் தரையை ஒட்டி வைத்துவிடாதீர்கள், பக்கத்து வீட்டுச் சுவரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வையுங்கள்.