இரண்டு மணிக்கு ஒருமுறை

நேயர்களுக்கு வணக்கம். போர்முனையில் செவிலியராக இருந்த அக்கா தங்கையை வைத்து வரலாற்றுக் கதை எழுதுவது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் மாட்டிக்கொண்ட ஆள் நான். அந்த ஒரு தகுதியோடு பேசுகிறேன்.

கதை முதல் உலகப் போரின்போது, 1915 ஆகஸ்டில், கிரேக்கத்துப் பக்கமுள்ள லெம்னோஸ் தீவில் ஆரம்பிக்கிறது. துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் அடிபட்டவர்களைக் கப்பல் கப்பலாக அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் 3ஆம் பொது மருத்துவமனைச் செவிலியர் போய்ச் சேர்ந்தபோது மருத்துவமனைச் சாமான்களே வந்திருக்கவில்லை. தண்ணீருக்குத் தட்டுப்பாடு. காயம் கட்டத் துணியில்லாமல் சொந்த உடுப்பைக் கிழித்துக் கட்டினார்கள். அவர்களின் தலைமைச் செவிலியர் கிரேஸ் வில்சன். இதெல்லாம் நடந்தது. அக்காவும் தங்கையும் மட்டும் என் கற்பனை.

நான் முதலில் எழுதிய பிரதியில் தங்கை ஒரு சிப்பாய்க்குப் பென்சிலின் ஊசி போட்டுவிட்டாள். பென்சிலினை ஃபிளெமிங் கண்டறிந்ததே 1928இல்! வெட்கமாகப் போயிற்று. சரி, ஊசி இல்லையென்றால் அவர்கள் என்னதான் செய்தார்கள் என்று தேடினேன். அங்கேதான் கதை கிடைத்தது.

கழுவினார்கள். உழுத வயலின் மண்ணிலுள்ள கிருமி புண்ணுக்குள் போனால் சதை அழுகும், ஆள் சில நாளில் போய்விடுவான். அதற்குப் பிரான்சில் கேரல்-டேக்கின் முறை என்று ஒன்று வந்தது. புண்ணுக்குள் ரப்பர் குழாய்களைச் செருகி, குளோரின் கலந்த மருந்துநீரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விட வேண்டும். ராத்திரியிலும்தான். 1917இல் என் சகோதரிகளை அங்கே கொண்டுபோய்விட்டேன். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம்தான் அவர்களுக்குப் பேச்சு. நீண்ட உரையாடல் எழுதும் என் ஆசையில் மண் விழுந்தது. நல்லதுதான்.

இன்னொரு வேடிக்கை. அங்கே செவிலியரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளி "சிஸ்டர்!" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவார்கள். தங்கையை அக்காவும் அங்கே சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுப் பெயர் தப்பித்தவறி வாயில் வரும் இடத்தை ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்தக் காலத்து விதி ஒன்று. ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர் மணமாகாதவராகவோ கணவனை இழந்தவராகவோ இருக்க வேண்டும். கல்யாணம் செய்துகொண்டால் பொதுவாக வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

தங்கைக்கு ஒருவனைப் பிடித்துவிட்டது. அக்காவைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் சொல்லாமல் இருக்கிறாள். அக்காவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, அவளும் சொல்லவில்லை. நான் நிற்பது இங்கேதான். இப்போது ராத்திரி இரண்டு மணி. அடுத்த முறை கழுவ நான்கு மணிக்கு எழ வேண்டும்.

நன்றி, வணக்கம்.