பாஸ் இருந்தது, பஸ்தான் இல்லை

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, சத்தம் சரியாக வருகிறதா தெரியவில்லை, மைக்கைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டு ஊர், இந்தக் காற்று எங்களுக்குப் பழக்கம். பின்னால் மஞ்சள் கட்டடம் தெரிகிறதா? நான் பத்தாவது வரை படித்த அரசுப் பள்ளி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு உள்ளே வந்திருக்கிறேன்.

போன வாரம் ஆபீசில் சாப்பிடும்போது ஒருத்தர், "உங்க ஊர்ல எல்லாத்தையும் இலவசமாக் குடுத்தே கெடுத்துட்டாங்க" என்று சொன்னார். அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் பதில் பதிலாகத் தோன்றியது, எல்லாருக்கும் அப்படித்தானே. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனதே சோற்றுக்காகத்தான். அம்மாவே வெட்கமில்லாமல் சொல்லும். 1956இல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார், அந்த வரிசையில் தட்டோடு உட்கார்ந்த பிள்ளைதான் அம்மா. நன்றாகப் படிக்குமாம். ஆனால் அப்போது இங்கே எட்டாவது வரைதான். ஒன்பதாவதுக்கு விளாத்திகுளம் போகவேண்டும், 9 கிலோமீட்டர். பொம்பளைப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? அதோடு அம்மா மிளகாய்க்காட்டுக்குப் போய்விட்டது.

என் காலத்தில் இங்கே பத்தாவது வரை வந்துவிட்டது. 2009இல் பதினொன்றாவது சேரும்போது அதே 9 கிலோமீட்டர் என் முன்னாலும் வந்து நின்றது. இலவச பஸ் பாஸ் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பாஸ் இருந்தது, பஸ்தான் இல்லை. காலையில் வருகிற ஒரே வண்டி பத்தேகாலுக்கு வரும், பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது ஒன்பதரைக்கு. கொஞ்ச நாள் பால் வண்டி, கொஞ்ச நாள் சித்தப்பா டிவிஎஸ், பாதி நாள் லீவு. அப்பா நிறுத்திவிடலாம் என்று பேச ஆரம்பித்த நேரத்தில்தான் சைக்கிள் வந்தது. பார் இல்லாத லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை. வருடம் பாதி ஓடிய பிறகுதான் கொடுத்தார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பிரேக்கும் பிடிக்காது, முதல் நாளே கடையில் கொடுத்து முறுக்கவேண்டியிருந்தது.

இந்த மண்ணில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். வெயில் காலத்தில் சீமைக்கருவேல முள் குத்திப் பஞ்சர். ஐப்பசி மழைக்கு முள் தேவலை, கரிசல் மண் டயரில் அப்பி அப்பி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகிவிடும், சக்கரம் சுற்றவே சுற்றாது. அதை நோண்டி எடுக்கக் கூடையில் எப்போதும் ஒரு குச்சி வைத்திருப்பேன். நோண்டி, பத்தடி உருட்டி, மறுபடி நோண்டி, கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த நாளெல்லாம் உண்டு. ஆனாலும் போனேன்.

படிப்பு எப்படி என்று கேட்பீர்கள். எல்லா வாத்தியாரும் தங்கம் என்று பொய் சொல்லமாட்டேன், ஒருத்தர் நோட்ஸ் எழுதிப் போட்டுவிட்டுத் தூங்குவார். பெண்களுக்கு டாய்லெட் இருந்தும் தண்ணீர் கிடையாது. ஆனால் பத்தாவதில் கணக்கு சார் ஒருநாள் எங்களை வெயிலில் கூட்டிக்கொண்டு வந்தார், இதோ நான் நிற்கிற இந்த இடம்தான். ஒரு மீட்டர் ஸ்கேலை நட்டுவைத்தார், நிழல் 60 சென்டிமீட்டர். கொடிக்கம்பத்து நிழலை அளக்கச் சொன்னார், 3.6 மீட்டர். "ஏறாம கம்பத்தோட உயரத்தைச் சொல்லுங்க பாப்போம்" என்றார். 6 மீட்டர் என்று கத்தியது நான். வடிவொத்த முக்கோணம் அன்றைக்குப் புரிந்தது, அப்புறம் மறக்கவே இல்லை.

இன்ஜினியரிங் முதல் வருடம் கிளாசில் ஹைப்பாட்டனியூஸ் என்றதும் முழித்தேன், ஒரு வாரம் கழித்துத்தான் அது நம்ம கர்ணம் என்று தெரிந்தது. தமிழ் மீடியத்தால் அழுத கதை அவ்வளவுதான், மூன்று நான்கு மாதம், அதற்குமேல் இல்லை. டியூஷன் பீஸ் முதல் பட்டதாரி சலுகையில் போய்விட்டது. லேப்டாப்தான் ஒரே வருடத்தில் தப்பியது, நான் பிளஸ் டூ முடித்து வெளியே வந்த 2011இல்தான் கொடுக்க ஆரம்பித்தார்கள்!

சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டு வருகிறது. ஓட்டத் தெரியாது, உருட்டிக்கொண்டுதான் வரும்.

சரி, இது புதுக் கொடிக்கம்பம், பழசைவிட உயரம். ஸ்கேல் கொண்டுவரவில்லை, செல்பி ஸ்டிக்கை நிறுத்துகிறேன். ஸ்டிக் 3 அடி, நிழல் ஒன்றரை அடி. கம்பத்து நிழலைக் காலால் அளக்கிறேன், இருங்கள்... பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. 14 அடி. உயரம் எவ்வளவு, நீங்களே போட்டுப் பாருங்கள். அண்ணன் சாவியோடு நிற்கிறார், நான் கிளம்புகிறேன்.