குண்டான சுண்டெலிக்கு விட்டமின் டி ஏன் குறைகிறது?

எல்லாருக்கும் வணக்கம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் விட்டமின் டி குறைவாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எது எதனால் வருகிறது என்பதை மனிதர்களிடம் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். வெயிலில் போகிறாரா, மீன் சாப்பிடுகிறாரா, என்ன மாத்திரை எடுக்கிறார், எல்லாம் கலந்துவிடும். ஆய்வகச் சுண்டெலிக்கு வெயிலே கிடையாது. தீனியில் நாம் என்ன போடுகிறோமோ அதுதான் அதற்குக் கிடைக்கும் விட்டமின் டி.

குண்டாக்குவதற்கு பெரும்பாலும் சி57 பிளாக் 6 என்ற இனத்தை எடுப்பார்கள். 60 சதவீத கலோரி கொழுப்பிலிருந்து வரும் தீனி ஒரு கூட்டத்துக்கு. 10 சதவீதம் மட்டும் வரும் தீனி இன்னொரு கூட்டத்துக்கு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொழுப்புத் தீனியில் ஒரு கிராமுக்கு 5 கலோரிக்கு மேல் இருக்கும், மற்றதில் 4-க்கும் குறைவு. அதனால் அந்த எலிகள் எடைக் கணக்கில் குறைவான தீனியிலேயே வயிறு நிரம்பிவிடும். இரண்டு தீனியிலும் கிலோவுக்கு ஒரே 1000 யூனிட் டி கலந்திருந்தால், குண்டு எலியின் வாய்க்குள் போவதே குறைவுதானே? அப்புறம் "பருமனால் டி குறைந்தது" என்று எழுதுவது நியாயமில்லை. கலோரிக்கு இவ்வளவு என்று சமன்செய்து கலந்தார்களா? எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். செய்திகளில் இதை யாரும் சொல்வதே இல்லை, எனக்கு அது பெரிய ஆதங்கம்.

சரி, தீனியைச் சமன்செய்தாலும் ஏன் குறைகிறது? டி கொழுப்பில் கரையும், உடல் கொழுப்புக்குள் போய் அடைந்துவிடுகிறது என்பது பழைய விளக்கம். அது தவறில்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. 2019-இல் வந்த ஒரு சுண்டெலி ஆய்வு கல்லீரலைப் பார்த்தது. நாம் சாப்பிடும் டி-யை 25-ஹைட்ராக்சி விட்டமின் டி-யாக மாற்றுவது முக்கியமாக சிஒய்பி2ஆர்1 என்ற நொதி. குண்டான எலிகளின் கல்லீரலில் அந்த நொதி குறைந்து, அதன் வேலையும் குறைந்திருந்தது. லேபில் ரத்தம் கொடுக்கும்போது அளப்பது அந்த 25-ஹைட்ராக்சி வடிவத்தைத்தான். அதாவது ரிப்போர்ட்டில் எண் குறைவாக வந்தால், சாப்பிட்டது போதவில்லை என்று மட்டும் அர்த்தமில்லை. உள்ளே போனதை உடல் சரியாக மாற்றாமலும் இருக்கலாம்.

அப்படியென்றால் டி நிறையக் கொடுத்தால் எடை குறையுமா? விட்டமின் டி வேலை செய்யத் தேவையான ஏற்பியை (செல்லில் டி வந்து ஒட்டிக்கொள்ளும் புரதம்) மரபணுவிலேயே நீக்கிய எலிகள் இருக்கின்றன. கொழுப்புத் தீனி கொடுத்தும் அவை ஒல்லியாகவே இருந்தன, கூடுதல் ஆற்றலை எரித்தன! டி வெறுமனே கொழுப்பைக் கரைக்கும் பொருளாக இருந்தால், அந்த எலிகள் ஊதியிருக்க வேண்டும். மனிதர்களின் மரபணுக்களை வைத்து 2013-இல் வந்த பெரிய ஆய்வும் இதே பக்கம்தான்: பருமன் டி-யைக் குறைக்கிறது, டி குறைவு பருமனை உண்டாக்குவதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே எடை குறைக்க என்று டி மாத்திரை விற்பவர்களை நம்பாதீர்கள். உங்கள் அளவு குறைவாக இருந்தால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேளுங்கள், பருமன் இருந்தால் தேவை கூடலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி எனக்கு ஆர்வம் எடை குறைந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான். இரைப்பை அறுவை சிகிச்சையில் எடை குறைந்தவர்களின் கொழுப்புத் திசுவில் இதே நொதியின் வெளிப்பாடு, அதாவது அதன் மரபணு இயங்கும் அளவு, கூடியதை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அதை அடுத்த வீடியோவில் விரிவாகப் பேசுகிறேன்.