பழைய தெருவில் ஒரு குட்டிக் கார்

நேயர்களுக்கு வணக்கம். பழைய நகரங்களின் தெருக்களில் நிற்கும் வித்தியாசமான கார்களை நீர்வண்ணத்தில் தீட்டுவது பற்றி இன்று பேசலாம்.

இந்தக் கார்கள் ஓவியர்களை இவ்வளவு ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. 1957இல் வந்த ஃபியட் 500 மூன்று மீட்டர் நீளம்கூட இல்லை. இத்தாலிய நகரங்களின் குறுகிய சந்துகளில் புகுந்து வரத் தோதான வண்டி அது. பிஎம்டபிள்யூ 1955 முதல் தயாரித்த இசெட்டாவுக்கு ஒரே ஒரு கதவு, அதுவும் முகப்பிலேயே. சிட்ரோயன் 2சிவிக்குத் துணிக்கூரை. அதன் பழைய மாடல்களில் பானெட் தகரக் கொட்டகை போல வரிவரியாக இருக்கும்.

சிக்கலும் இந்த வித்தியாசத்தில்தான். கண் எதைப் பார்த்தாலும், கை தனக்குப் பழகின காரையே போட்டுவிடும். இசெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 1.2 மீட்டர், பின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் அரை மீட்டர்தான். பழக்கத்தில் நான்கு மூலையிலும் சக்கரம் வைத்துவிட்டால், உடம்பை எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது வேறு வண்டி.

அடுத்தது அளவு. ஃபியட் 500இன் உயரம் 1.32 மீட்டர். அதை ஒட்டி இரண்டு மீட்டர் உயரக் கதவு இருந்தால், காரின் கூரை அந்தக் கதவில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டும். நம் ஆசை காரின் மேல் இருப்பதால் அதைப் பெரிதாகப் போட்டுவிடுவோம். தெரு பொம்மை வீடாகச் சுருங்கிவிடும். அதனால் முதலில் கதவை வரையுங்கள். அதை வைத்துக் காரை அளந்துகொள்ளுங்கள்.

நின்று வரைந்தால் உங்கள் கண்மட்டம் சுமார் 1.6 மீட்டர், காரின் கூரையின் மேல்பக்கம் தெரியும். முக்காலியில் உட்கார்ந்தால் கண்மட்டம் கூரைக்குக் கீழே இறங்கிவிடும், மேல்பக்கம் தெரியாது. பாதி நின்று, பாதி உட்கார்ந்து வரைந்த படத்தில் ஏதோ கோணலாக இருப்பது இதனால்தான். சக்கரத்துக்கும் ஒரு விதி: நீள்வட்டத்தின் குறுகிய அச்சு, சக்கரத்தின் இருசு போகும் திசையிலேயே போக வேண்டும்.

இனி வண்ணம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் தெரு மொத்தமும் காரின் மேலேயே இருக்கிறது. குறுகிய சந்தில் வானம் ஒரு கீற்றுதான். கூரையிலும் பானெட்டின் முதுகிலும் அது மெல்லிய வெளிச்சக் கோடாக விழும். அதற்குக் கீழே எதிர்வீட்டுச் சுவரின் காவி, வளைந்து நசுங்கிய பட்டையாக. இன்னும் கீழே, கதவின் அடிப்பகுதியில், தரைக்கற்களின் நிறம். நீலக் கார் என்று முழுக்க நீலத்தைப் பூசினால் இதெல்லாம் போய்விடும். கிழக்கு ஜெர்மனியின் ட்ராபண்ட் கார் மட்டும் வேறு ரகம். அதன் வெளித்தகடுகள் பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய டூரோபிளாஸ்ட் என்ற பிளாஸ்டிக். மங்கிப்போன பழைய ட்ராபண்டில் பிரதிபலிப்புகளுக்குக் கூர்மையான ஓரம் வேண்டாம். தாள் ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை இழையவிடுங்கள்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆக இருக்கட்டும். மெல்லிய தாள் ஈரத்தில் அலையலையாக எழும்பி, வண்ணம் பள்ளங்களில் தேங்கும். குரோம் பம்பருக்கு வெள்ளை வண்ணம் தேவையில்லை, தாளின் வெள்ளையையே விடுங்கள். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடிவைக்கும் மாஸ்கிங் திரவம் பயன்படுத்தினால் ஹேர் டிரையர் காட்டாதீர்கள்; சூட்டில் அது தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் பிய்த்துவரும். அன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது.

காரின் அடிநிழலுக்கு அல்ட்ராமரைன் நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு பங்கு. டயர் தரையைத் தொடும் இடத்தில் மிக அடர்த்தி, வெளியே வரவர இளக்கம். டயரின் அடியும் நிழலும் ஒன்றாகக் கலக்கட்டும். நடுவே கோடு போட்டால் வண்டி மிதக்கும். தரைக்கற்களைச் சக்கரத்தருகிலும் வெயில் விளிம்பிலும் ஏழெட்டு மட்டும் காட்டினால் போதும், மற்றவற்றைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

போட்டோ பார்த்து வரைபவர்களுக்கு ஒன்று. போனைக் காருக்குப் பக்கத்தில் பிடித்து எடுத்தால் அருகிலுள்ள சக்கரமும் விளக்கும் புடைத்துவிடும். ஆறேழு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். சந்தில் அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால், தெருமுனைக்குப் போய் அங்கிருந்து தெரியும் கோணத்தில் வரையுங்கள்.