விலை எழுதுகிற இடத்தில் நேரத்தையும் எழுதுங்கள்

(காளான் வளர்க்கும் மகளிர் குழுக்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்கா தங்கைகளே, வணக்கம்.

"காளானை விற்கிற ஒப்பந்தத்துக்குப் போனால் கிலோவுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று காலையிலிருந்து நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். நானும் உங்களை ஒன்று கேட்கிறேன். காளானை எடுக்க வாங்குகிறவர் வண்டி எத்தனை மணிக்கு வரும்?

சிப்பிக் காளானைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. பத்தில் ஒன்பது பங்கு அதில் தண்ணீர்தான். பறித்த நிமிஷத்திலிருந்து அந்தத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மஞ்சளை வீட்டில் வைத்து விலை ஏறியதும் விற்கலாம். காளானை அடுத்த நாள் வரைக்கும் நம்பி வைக்க முடியாது. வாங்குகிறவருக்கும் இது நன்றாகத் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் போட்ட முதல் ஒப்பந்தம் அது. சித்திரை மாதம். விடியற்காலை ஐந்து மணிக்குக் குடிலுக்குள் போய்க் கொத்துக் கொத்தாகப் பறித்து, அடித்தண்டில் ஒட்டிய வைக்கோலை நறுக்கிவிட்டு எடை போட்டேன். 22 கிலோ. ஒன்பது மணிக்கு வர வேண்டிய வண்டி மதியம் இரண்டரைக்கு வந்தது. அதற்குள் காளானின் ஓரமெல்லாம் மேலே சுருண்டுவிட்டது. அவர்கள் தராசில் 20 கிலோ சொச்சம்தான் காட்டியது. அதிலும் ஐந்து கிலோவை "இது செகண்ட்ஸ்", அதாவது இரண்டாம் தரம் என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியதைத் திருப்பிக் கொடுத்தார்களா? இல்லை, அதையும் வண்டியில்தான் ஏற்றினார்கள். பில்லில் மட்டும் அது இல்லை. ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். "தரமான காளானுக்கு" இன்ன விலை என்று இருந்தது. எது தரம், யார் பார்ப்பது, எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று ஒரு வரி இல்லை. அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

கணக்காகவே பார்ப்போம். கிலோ 120 ரூபாய் என்று வையுங்கள். வாரம் 50 கிலோ பறிக்கிறீர்கள். பத்து கிலோ கழித்துவிட்டால் கைக்கு வருவது 4,800. பறித்த கிலோவுக்கு 96 ரூபாய்தான் விழுகிறது. இன்னொருவர் 110தான் தருவேன் என்கிறார், ஆனால் காலையிலேயே வந்து வாசலில் எடை போட்டு முழுசாக எடுத்துக்கொள்கிறார். 5,500 ரூபாய். பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தவரிடம் 700 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது.

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களைப் பார்த்து நாமும் அப்படிச் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறீர்கள். அங்கே குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது, அதற்குக் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. அந்தக் கூலி போதவில்லை என்று அவர்களும் போராடித்தான் வருகிறார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கோழியைப் பிடிக்கத் தாமதமானால் தீவனச் செலவு கம்பெனிக்கும் ஏறும். நம் காளானோ தராசில் ஏறும் வரைக்கும் நம்முடையது. வண்டி தாமதமானால் நஷ்டம் முழுக்க நமக்கு, வாங்குகிறவர்களுக்கு ஒரு பைசா இல்லை. அதனால்தான் விலையைவிட நேரத்தைப் பெரிதாகப் பேசுகிறேன்.

அடுத்தது வித்து, அதாவது காளான் விதை. வித்தை விற்பவரும் காளானை வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் மிகவும் கவனமாக இருங்கள். வித்துப் பணத்தை முதல் பில்லிலேயே பிடித்துக்கொள்வார்கள். காளான் வளர்கிற வைக்கோல் பையில் பச்சைப் பூஞ்சாணம் வந்தால் "நீங்கள் வைக்கோலைச் சரியாக வேகவைக்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பழைய வித்தாலும் பை கெடும். வித்துப் பை ஒவ்வொன்றிலும் தயாரித்த தேதி இருக்க வேண்டும், வெளியில் வித்து வாங்கும் உரிமையும் உங்களிடம் இருக்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் விசாரியுங்கள்.

முன்பணம் கட்டு, பொருளை நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று வருகிறவர்களை நம்ப வேண்டாம். 2012இல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்க்க முன்பணம் கட்டியவர்கள் ஏமாந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அப்படி வருகிறவர்களிடம், இந்தக் காளானை நீங்கள் யாருக்கு விற்கிறீர்கள் என்று கேளுங்கள். கடை பெயரோ ஹோட்டல் பெயரோ சொல்லாமல் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 200 கிராம் பாக்கெட்டைக் கூடையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய நாட்கள் எனக்கும் உண்டு. நிச்சயமாக வாங்க ஒருவர் இருந்தால் துணிந்து இன்னொரு குடில் போடலாம். அதே சமயம் புரட்டாசியில் கறி சாப்பிடாத வீடுகளெல்லாம் காளான் தேடும். வெளியில் விலை ஏறும், நமக்கு ஒப்பந்த விலைதான். அப்போது ரகசியமாக வெளியில் விற்கத் தோன்றும். செய்யாதீர்கள். வேண்டுமானால் வாரத்தில் இத்தனை கிலோ அவருக்கு, மீதி என் விருப்பம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். கோடையில் சிப்பிக் காளான் விளைச்சல் குறையும், அந்த மாதங்களுக்குக் குறைந்த அளவு போடச் சொல்லுங்கள், அல்லது வெயில் தாங்கும் பால் காளானுக்குப் பேசுங்கள்.

2019இல் தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டது. சந்தை விலை சரிந்தாலும் பேசிய விலை விவசாயிக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் தகராறு வந்தால் முறையிடவும் அதில் வழி இருக்கிறது. வாய்ப்பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

தனித்தனியாகப் போனால் இதையெல்லாம் கேட்க முடியாது. எங்கள் ஊரில் பதினோரு பேர் சேர்ந்து கேட்டோம். முதலில் முடியாது என்றார்கள், இரண்டு வாரம் கழித்து அவர்களே வந்தார்கள். இப்போது எட்டரைக்குள் வண்டி வந்துவிட வேண்டும். வாசலில், எங்கள் தராசில் எடை. கழிக்கிற காளானைக் கையில் எடுத்துக் காட்டி, எங்கள் கூடையிலேயே போட்டுவிட வேண்டும். ஒன்பதரைக்கு மேல் வந்தால், காலையில் பறித்ததும் நாங்கள் போட்ட எடைக்கே பணம்.

அந்த ஒப்பந்தத்தின் நகலை மேசைமேல் வைத்திருக்கிறேன். பேனா கொண்டு வந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், உங்கள் ஊர்க் கணக்குக்கு எதை மாற்றலாம் என்று வரி வரியாகப் பார்ப்போம்.