ஓரத்தில் நிற்பவனுக்கும் ஓர் இரவு

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேர வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும், பின்வரிசைகளை நிறைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

சூப்பர் ஹீரோ படங்களிலிருந்து பிரிந்து வரும் தொலைக்காட்சித் தொடர்களை ரசிகர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். குறிப்பாக 'தி பென்குயின்' தொடரைப் பற்றி. 2022இல் வந்த பேட்மேன் படத்தின் துணை வில்லன் ஒருவனைத் தனியே எடுத்து, எட்டுப் பகுதிகளாக 2024 செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடித்த தொடர் அது. அதன் கடைசிக் காட்சிகளைத் தொடாமல் ரசிகர்களின் கொந்தளிப்பைப் பற்றிப் பேசவே முடியாது. ஆகவே முடிவையும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இப்போதே காதைப் பொத்திக்கொள்ளலாம், அல்லது எழுந்து போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிளைத் தொடரின் மேல் கோபப்பட ரசிகனுக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் பாத்திரத்தோடு கூடவே நடந்து வந்த கோபமாக இருக்க வேண்டும். வாசலில் நின்று கல்லெறிகிறவனை நான் ரசிகன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெரிய கதையின் ஓரத்தில் நிற்கும் ஒருவனை நடுவில் கொண்டு வந்து நிறுத்துவதை ஏதோ அமெரிக்கக்காரன் நேற்றுக் கண்டுபிடித்த வியாபாரம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ஓர் இரவு அர்ச்சுனன் தபசு. ஓர் இரவு கர்ண மோட்சம். கர்ணன் பாண்டவர்களின் எதிர்க்கட்சிக்காரன். ஆனாலும் அந்த இரவு முழுவதும் அவனுக்கே சொந்தம். வியாசர் பெயர்கூடச் சொல்லாத அவன் மனைவிக்குக் கூத்து பொன்னுருவி என்று பெயர் வைத்து, அவளுக்குப் பாட்டும் கொடுத்து, கணவனோடு வாதாடவும் வைத்திருக்கிறது. அரவானை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழிப் பாரதத்தில் எட்டாம் நாள் போரில் விழுகிற ஒரு வீரன், அவ்வளவுதான். தமிழ்ப் பாரதமோ அவனைக் களப்பலியாக்கி, பதினெட்டு நாள் போரையும் பார்க்க அவன் தலைக்கு வரமும் தந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். ஒரு துணைப் பாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய ரசிகர் கூட்டத்தை நீங்கள் எங்கே காட்டுவீர்கள்?

இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. படுகளத்துக்காகச் சொல்கிறேன். துரியோதனன் படுகளத்தன்று களிமண்ணால் செய்த பேருருவம் மல்லாந்து கிடக்கும். திரௌபதி கூந்தலை முடிக்கிறாள், சபதம் நிறைவேறுகிறது. அதே களத்தில் துரியோதனனுக்காக ஒப்பாரியும் எழுகிறது. அழுகிற பெண்களில் ஒருவர்கூட அவன் செய்தது சரி என்று சொல்ல மாட்டார். அவன் குற்றம் குற்றமாகவே இருக்கிறது, அவன் சாவும் சாவாகவே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பென்குயினிடம் போகும்போது தேவைப்படும்.

ரசிகர்களின் குரலால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஃபில் கோல்சனைக் காட்டலாம். மார்வெல் நிறுவனத்தின் சித்திரக் கதைகளில் முதலில் இல்லாத ஆள். 2008இல் 'அயர்ன் மேன்' படத்துக்காக உருவாக்கியவர். கோட்டும் டையும் அணிந்த அரசாங்க அலுவலர். பறக்கத் தெரியாது, பலமும் கிடையாது. 2012இல் 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் அவரைக் கொன்றார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை. கோல்சன் உயிரோடுதான் இருக்கிறார் என்று இணையமெங்கும் எழுதினார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் அவரையே தலைவராக்கி ஒரு தொடர் தொடங்கியது. அது ஏழு பருவங்கள், 136 பகுதிகள் ஓடி 2020இல்தான் முடிந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அந்தக் கோல்சனே ஒரு ரசிகர். கேப்டன் அமெரிக்காவின் பழைய அட்டைகளைப் பொத்திப் பொத்திச் சேர்த்து வைத்திருந்தவர். ரசிகர்கள் பிழைக்க வைத்தது தங்களில் ஒருவரை.

மார்வெல் படங்களில் வில்லனாக வந்த லோகியின் கதையும் இப்படித்தான். செத்தவனை ரசிகர்களின் பாசம் விடவில்லை. 2021இல் வந்த அவன் தொடர் தமிழ்க் குரலிலும் வந்தது. நம் வீடுகளில் பாட்டிகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். அதே ஆண்டு 'வாண்டாவிஷன்' வந்தபோது ரசிகர்கள் வாராவாரம் துப்பறிந்தார்கள். மெஃபிஸ்டோ என்கிற சாத்தான்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறான் என்று சுவரில் இருக்கும் படம், சட்டையின் நிறம் என்று சாட்சி சேர்த்தார்கள். மெஃபிஸ்டோ வரவே இல்லை. நாம் எழுதிய கதையை நீ ஏன் எடுக்கவில்லை என்று சிலர் சண்டைக்குப் போனார்கள். அந்தச் சண்டை எனக்கு நியாயமாகப் படவில்லை. கணவனை இழந்த ஒரு பெண்ணின் துக்கத்தைப் பற்றிய தொடர் அது. அந்தத் துக்கத்தைப் பார்க்காமல் சாத்தானைத் தேடிக்கொண்டிருந்தால் நஷ்டம் யாருக்கு? ஆனால் அதே ரசிகர்கள்தான் அதில் வந்த அகதா என்ற சூனியக்காரியைக் கொண்டாடினார்கள். அவள் பாட்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியது. 2024இல் அவளுக்கும் தனித் தொடர் வந்துவிட்டது.

இனிப் பென்குயின்.

தொடங்கும் முன்பே ஒரு கேள்வி எழுந்தது. பேட்மேன் இல்லாமல் பேட்மேன் ஊரில் என்ன கதை? அவர் கடைசிவரை வரவில்லை. இறுதிக் காட்சியில் வானத்தில் அவருடைய ஒளிச் சின்னம் மட்டும் தெரிகிறது. அதற்குள் கேட்டவர்களே கேள்வியை மறந்துவிட்டார்கள். அது தொடரின் வெற்றி. காலின் ஃபாரெல் என்ற அழகான நடிகர், தினமும் மணிக்கணக்கில் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்து, தழும்பும் தொங்கும் கன்னமும் நொண்டும் காலுமாக, பென்குயின் என்று பட்டப்பெயர் பெற்ற ஆஸ் காப் ஆகிவிட்டார். குற்றக் கும்பல் தலைவனின் மகள் சோஃபியா ஃபால்கோனாக நடித்த கிறிஸ்டின் மிலியோட்டிக்கு 2025இல் சிறந்த நடிகைக்கான எம்மி கிடைத்தது. அவளுக்கென்றே ஒதுக்கிய நான்காம் பகுதியைப் பற்றி மட்டும் ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தந்தை செய்த கொலைகளுக்கு மகளைப் பைத்தியமாக்கிப் பத்து ஆண்டுகள் மனநலச் சிறையில் அடைத்த கதை அது. எழுதியதில் ஒரு வரிகூட மிகையில்லை.

ஆனால் அமெரிக்க ரசிகர்கள் அதிகம் பேசாத ஒன்றை நம் ஊர் ரசிகர்கள் பேசினார்கள். அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

முந்தைய படத்தின் முடிவில் காத்தம் நகரத்தின் கடல் தடுப்புச் சுவரைக் குண்டு வைத்துத் தகர்த்துவிடுகிறார்கள். தொடர் அதற்கு ஒரு வாரம் கழித்துத் தொடங்குகிறது. கிரவுன் பாயின்ட் என்கிற ஏழைகளின் பகுதிதான் மூழ்கியது. அங்கே பிறந்த விக்டர் என்ற திக்குவாய்ப் பையன் மொட்டை மாடியில் நிற்கிறான். தூரத்தில் வெடிச் சத்தம். தண்ணீர் தெருவுக்குள் சுவர் போல வருகிறது. அவன் கண்முன்னே அவன் பெற்றோர் இருந்த கட்டடம் போய்விடுகிறது. நகரத்தின் மேட்டுப் பகுதியில் விளக்குகள் எரிகின்றன, விருந்து நடக்கிறது. கிரவுன் பாயின்ட்டில் மின்சாரம் இல்லை.

இதைக் கடலூரில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. 2004 டிசம்பர் 26ஐ தேவனாம்பட்டினத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பென்குயினின் கடைசிப் பகுதி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடித்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி நம் கரையோர வீடுகளுக்குள் வந்தது. அப்போது இரண்டாம் முறை அந்தத் தொடரைப் பார்த்த மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "முதல் தடவை ஆஸ் என்ன செய்யப் போகிறான் என்று பார்த்தேன் ஐயா. இரண்டாம் தடவை அந்த மொட்டை மாடியை மட்டும்தான் பார்த்தேன். வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் வீட்டு மெத்தையைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. தூக்கினால் சேறு ஒழுகியது. விக்டருக்குத் தூக்குவதற்கு மெத்தைகூட மிஞ்சவில்லையே."

ஒரு தொடருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல எதிர்வினைகளில் இதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

இந்த விக்டரைத்தான் ஆஸ் தன் காரோட்டியாகச் சேர்த்துக்கொள்கிறான். கார்ச் சக்கரத்தின் வளையத்தைத் திருட வந்து மாட்டிக்கொண்ட பையன். ஆஸ் அவனை நம்புகிறான், அவன் திக்கும்போது பொறுமையாகக் காத்திருக்கிறான். நகரசபைக்காரனை மிரட்டிக் கிரவுன் பாயின்ட்டுக்கு மின்சாரத்தையும் கொண்டு வருகிறான். அந்தக் காட்சியில் எத்தனை பேர் கைதட்டியிருப்பீர்கள்! மின்கம்பம் சாய்ந்து கிடந்த தெருவில் வாழ்ந்தவனுக்கு, விளக்கைக் கொண்டு வருபவன் யார் என்று பார்க்கவா தோன்றும்? அங்கேதான் தொடர் நம்மைப் பிடித்துக்கொண்டது. அவன் காலுக்காக அவனை மன்னித்தோம். நினைவு கலைந்து போகும் அவன் தாய்க்காக மன்னித்தோம். விளக்குக்காக மன்னித்தோம்.

கடைசிப் பகுதியில் ஆற்றோரத்து இருக்கையில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் ஜெயித்தாகிவிட்டது. நீங்கள்தான் எனக்குக் குடும்பம் என்கிறான் விக்டர். ஆஸ் அவன் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பிறகு அவன் பணப்பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையைத் தண்ணீரில் வீசுகிறான். வெள்ளம் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்த பையனின் பெயரையும் ஆற்றில் விட்டுவிட்டான்.

ரசிகர்கள் துடித்துப் போனார்கள். இது தேவையா, பையனை விட்டிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். தொடரை எழுதி நடத்திய லாரன் லஃப்ராங்க் மேல் கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். எட்டு வாரம் விக்டரோடு நடந்து வந்தவர்களின் கோபம் அது. ஆனால் முடிவு சரியானது என்பதே என் தீர்ப்பு. ஆஸை நாம் நல்லவனாக்கிவிட்டோம். தொடர் அதை மறுத்துவிட்டது. படுகளத்தில் நம் பெண்கள் செய்வதைத்தான் அது நம்மையும் செய்யச் சொன்னது: அவனுக்காக அழு, ஆனால் அவனை விடுதலை செய்யாதே. அது முடியாமல்தான் பலர் தவித்தார்கள். தவித்தது நல்லது.

இதற்கு நேர் எதிரான கூட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேசும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் 'மிஸ் மார்வெல்' வந்தது. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தான் வம்சாவளிச் சிறுமி கமலா கான். அவளே சூப்பர் ஹீரோக்களின் ரசிகை. தானே தைத்த உடையைப் போட்டுக்கொண்டு ரசிகர் மாநாட்டுக்குப் போகிறவள். 1947 பிரிவினையின் போது கராச்சிக்குப் புறப்படும் கடைசி ரயிலின் நெரிசலை அந்தத் தொடர் காட்டியது. எத்தனை சூப்பர் ஹீரோ கதைகளில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? அந்தத் தொடருக்கு மதிப்பெண் தளங்களில் கூட்டம் கூட்டமாக வந்து ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து 'ஷீ-ஹல்க்' வந்தபோதும் அதுவே நடந்தது. ஹீரோ பெண் என்பதும், கமலா வீட்டில் தொழுகை நடக்கிறது என்பதும் போதுமானதாக இருந்தது அவர்களுக்கு. கூத்துக் களத்துக்கே வராதவன், கட்டியங்காரன் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் நம் கிராமத்தில் என்ன மரியாதை கிடைக்கும்? அதே மரியாதைதான் இவர்களுக்கும்.

குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறையச் சொல்லலாம். ஒரு தொடர் புரிய வேண்டுமென்றால் முன்னால் வந்த மூன்று படங்களையும் இரண்டு தொடர்களையும் பார்த்திருக்க வேண்டும் என்கிற நிலைமை ரசிகனுக்குச் செய்கிற அநியாயம். பென்குயினைப் பேட்மேன் படம் பார்க்காமலே பார்க்கலாம்; அதனால்தான் அது நின்றது.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கருத்தைத் தமிழில் எழுதுங்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைக் கொண்டு வந்த காலம் தொட்டு, தமிழ்ச் சித்திரக்கதை வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியே மறுபதிப்புகளை வாங்கியிருக்கிறார்கள். எந்த நாயகன் திரும்ப வர வேண்டும், எந்த அட்டைப்படம் சரியில்லை என்று மல்லுக்கு நின்றவர்கள் அவர்கள். மொட்டை மாடியைப் பற்றி அந்த மாணவி சொன்னதை அவள் எங்கும் எழுதவில்லை. எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, கூட்டம் தொடங்கும் முன் வாசலில் ஒரு தம்பி கேட்ட கேள்விக்குப் பதில். சோஃபியா மறுபடியும் சிறைக்குள் போய்விடுகிறாள். அங்கே அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. எழுதியவள் பேட்மேன் படத்தில் வந்த செலினா கைல், சோஃபியாவுக்குத் தந்தை வழிச் சகோதரி. படிக்கும்போது சோஃபியாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. கடிதத்தில் என்ன இருந்தது என்று நமக்குக் காட்டவில்லை. அடுத்த பேட்மேன் படத்தை 2027 அக்டோபருக்கு அறிவித்திருக்கிறார்கள். அதில் அவள் ஓரத்தில் வந்து நின்றுவிட்டுப் போவதில் எனக்குத் திருப்தி இல்லை, தம்பி. அவளுக்கும் தனித் தொடர் வேண்டும். கோல்சனுக்காக எழுதியவர்களைப் போல நானும் எழுதத் தயார்.

வணக்கம்.