பொதினி மலையும் பொருந்தல் நெல்லும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பழைய பாட்டையும் மண்ணுக்குள் கிடைத்ததையும் வைத்துக் கதை எழுதுவது எப்படி என்பதைப் பற்றிச் சில சொல்கிறேன்.

அகநானூற்றின் முதற்பாட்டு நம் பழனி மலையில் செய்த ஒரு கைவேலையை உவமையாகக் கொண்டது. பொருள் தேடிப் பாலைவழி போன தலைவன், குறுநில மன்னன் நெடுவேள் ஆவியின் பொதினியில் காரோடன் அரக்கிட்டு இறுக்கிய கல்லைப்போல உன்னைப் பிரியேன் என்று முன்பு சொன்னதைத் தலைவி நினைத்து வருந்துகிறாள். பொதினிதான் இன்றைய பழனி. காரோடன் என்பவன் சாணைக்கல் செய்பவன். பாட்டை எழுதிய புலவர் மாமூலனார் அந்தத் தொழிலை விளக்காமலே உவமையாக்குகிறார் என்றால், பாட்டைக் கேட்டவர்களுக்கு அரக்கின் பிடிப்பு பழகிப்போன ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்திலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடத்தினார். அங்கே ஈமக்குழியில் மணிகளும், 'வய்ர' என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பானைத் தாங்கியும், நான்கு கால் சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல்லும் கிடைத்தன. அந்த நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்ற காலம் வந்தது.

இந்த மணிகளைக் கோத்தவனே பாட்டின் காரோடன் என்று எழுதிவிட ஆசை எழும்; எனக்கும் எழுந்தது. ஆனால் குழியும் பாட்டும் ஒரே காலத்தவை என்று காட்டச் சான்று இல்லாதபோது, ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக நிறுத்துவது இரண்டுக்குமே செய்யும் அநீதி. கதை எழுதுபவர் பாட்டிலிருந்து பெறத்தக்கது வேறு: கல்லைத் தொட்ட கைகளுக்கும் பிரிவாற்றாமை உண்டு என்ற அறிவு. பொருள்களின் அளவும் காலத்தின் அடுக்கும் அகழ்ந்த மண்ணிலிருந்து வரட்டும்.

மலைமேல் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு இடையே நிற்கும் கல்திட்டைகளுக்கும், அதாவது கற்பலகைகளால் அமைத்த பழங்காலக் கல்லறைகளுக்கும், இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆங்கிளேடு, நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் இம்மலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை 1928இல் தொல்லியல் துறை வெளியிட்டது. இத்தகைய கல்லறைகளைக் 'குள்ளர் வீடு' என்று நம் ஊர்ப்பெரியவர்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. கட்டியவர்களை மறந்த பின்னும், இவை யாரோ குடியிருந்த வீடுகள் என்ற நினைவை அந்தச் சொல் காத்து வைத்திருக்கிறது.

பொருந்தலைப் பற்றி நான் கதை எழுதினால், அரசனிடமிருந்து தொடங்க மாட்டேன். செத்தவருக்கு இவ்வளவு நெல் போதுமா என்று கேட்டு, சாடிக்குள் இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப்போட்ட ஒருத்தியிடமிருந்து தொடங்குவேன்.